சீனி தொடாத சிவபாதம்

தண்டவாளம் புதிதாகப் போட்டு, இருபது வருஷத்துக்கு மேல் காணாத ரயில் மறுபடியும் கொடிகாமம் தாண்டி யாழ்ப்பாணம் வரத் தொடங்கிய கிழமை அது. ரயிலைப் பார்க்கவென்றே சனம் கடவைகளில் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றது. கொடிகாமம் சந்தையில் தேங்காய் உரிக்கிற சிவபாதமும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படலையைத் திறக்க, மனைவி யோகம் கேட்டாராம்:

"மற்றச் செருப்பு எங்கையப்பா?"

குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது, எவ்வளவு தூரம் தார் றோட்டில் வெறுங்காலோடு நடந்தார், ஒன்றும் அவருக்குத் தெரியாது. "ரயிலைக் கண்ட சந்தோசமடியப்பா" என்று சிரித்திருக்கிறார். யோகம் சிரிக்கவில்லை. ஆளுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு; அடுத்த கிளினிக் நாளே ஆளை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

சிவபாதத்தின் கதைக்குப் போவதற்கு முன் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் தருமலிங்கம். படித்தது ஐந்தாம் வகுப்பு. இதை நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நான் கதைக்கிறபடியே எழுதினால் வாசிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று அவளாகவே நல்ல தமிழில் திருத்திக்கொள்கிறாள். ஆட்கள் வாயால் வந்ததை மட்டும் வந்தபடியே விடச் சொல்லியிருக்கிறேன். மருந்து கட்டும் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் போன மாதம் வீட்டுக்கு வந்து, "அண்ணை, மங்களேஸ்வரி டொக்டரைப் பற்றிச் சொல்லுங்கோ, நாங்கள் ஆளைக் காணேல்லை" என்று கேட்டார்கள். டொக்டர் ஓய்வுபெற்று, மகளோடு இருக்க வெளிநாடு போய்விட்டார். அவரைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டால் சிவபாதத்தைச் சொல்லாமல் முடியாது. சிவபாதத்தைச் சொன்னால் என்னுடைய பிழையையும் சொல்லவேண்டும்.

சண்டைக் காலத்தில் ஆஸ்பத்திரியில் தொழிலாளியாகச் சேர்ந்தேன். ஆள் தூக்கினேன், நிலம் கழுவினேன், கட்டுச் சீலை அவித்தேன். மருந்து கட்டுகிறவர் ஊரை விட்டுப் போன ஒரு நாள், "உவனை அங்கை விடுங்கோ, உவனுக்குக் கை நடுங்காது" என்று யாரோ சொல்ல, அந்த அறைக்குள் போனேன். ஓய்வு பெறும் வரைக்கும் அங்கேதான். படிப்பு, பயிற்சி எல்லாம் அவ்வளவுதான்.

மங்களேஸ்வரி டொக்டர் வந்தபோது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவர் என்னிலும் ஏழெட்டு வயது இளையவர். வடமராட்சிக் கரையில் கடலோடுகிற குடும்பம். சீனி வருத்தக்காரரின் கால் பார்க்கவென்று தனிக் கிளினிக் ஒன்றை அவர்தான் தொடக்கினார். வந்த முதல் நாளே மேசையைத் தூக்கி மூலையில் போடச் சொல்லிவிட்டு, "தருமண்ணை, எனக்கு இருக்கக் குட்டி வாங்கு ஒண்டு வேணும்" என்றார். எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் கண்டேன். நோயாளி கதிரையில் உயர இருப்பார். டொக்டர் கீழே குட்டி வாங்கில் இருந்து, அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார்.

எங்கள் சனத்துக்கு அது பெரிய சங்கடம். டொக்டரின் மடியில் காலை நீட்டுவதா? வயல்காரர் ஒருவர் கதிரையை விட்டு எழும்பியே விட்டார்.

"ஐயோ டொக்டர், பாவம் சுத்தும். நான் நிலத்திலை இருக்கிறன்."

"இருங்கோ அப்பு. கால் பாக்கிறவளுக்குக் காலைத்தானே தரவேணும். தலையைத் தந்தால் நான் என்ன செய்யிறது?"

அவர் கால் பார்க்கிற முறையைச் சொல்கிறேன், பிள்ளைகள் கேட்டதே அதைத்தான். முதலில் காலைப் பார்க்கமாட்டார். செருப்பை எடுப்பார், சப்பாத்து என்றால் உள்ளே கையை விட்டு நுனிமட்டும் தடவுவார். கல், ஆணி, கழன்ற தையல் எல்லாம் அவர் கையில் வரும். ஒருமுறை ஒரு வாத்தியாரின் சப்பாத்துக்குள் இருந்து பேனை மூடி ஒன்றை எடுத்தார். வாத்தியார் மூன்று நாளாக அதன் மேல் நடந்திருக்கிறார். "இவையின்ரை கால் சொல்லாததை என்ரை கை சொல்லவேணும்" என்பார்.

பிறகு புறங்கையை இரண்டு காலிலும் மாறி மாறி வைப்பார், எது சூடு, எது குளிர் என்று. பிறகு இரண்டு விரலைப் பாதத்தின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நாடி தேடுவார். அந்த நேரம் அறையில் யாரும் கதைக்கக் கூடாது. நான் கையில் இருக்கிற தட்டத்தைக்கூடக் கீழே வைக்கமாட்டேன், சத்தம் கேட்கும். கிடைத்தால் தலையை ஆட்டுவார். கிடைக்காவிட்டால் விரலை நகர்த்தி நகர்த்தித் தேடிக்கொண்டே இருப்பார். மற்ற டொக்டர்மார் ஒரு தரம் தொட்டுவிட்டு எழுதிவிடுவார்கள். இவர் தேடிய மாதிரி நான் வேறு யாரையும் கண்டதில்லை.

கடைசியாக நூல். ஒரு பிடியில் பூட்டிய தடித்த நைலோன் நூல், வளையும் மட்டும் காலில் அழுத்திப் பார்ப்பது. அதை முதல் கண்டவுடன் நான், "உது தங்கூசி எல்லோ டொக்டர்!" என்றேன். மீன் பிடிக்கிற நூலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். டொக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கடை ஐயா கண்டால் தூண்டில் கட்டிப்போடுவார்" என்றார். அன்றிலிருந்து எங்கள் அறையில் அதற்குப் பெயர் தங்கூசி.

நோயாளி கண்ணை மூடிக்கொள்ளவேண்டும். தங்கூசி படுவது தெரிந்தால் 'ஓம்' சொல்லவேண்டும். இதில் ஒரு சிக்கல். டொக்டர் ஏதும் கேட்டால் எங்கள் ஆட்கள் மரியாதைக்கே ஓம் என்றுவிடுவார்கள். அதனால் டொக்டர் சில தரம் தொடாமலே சும்மா இருப்பார். சிவபாதம் வந்த நாள், மனிசன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ஓம்... ஓம்... ஓம்..." என்று கோயிலில் நிற்கிற மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், டொக்டரின் கை அவருடைய காலுக்குக் கிட்டவும் இல்லை.

"சிவபாதம், நான் தொடவே இல்லை."

கண்ணைத் திறந்தார். "டொக்டர் பாத்துக்கொண்டிருக்கிறியள். எப்பிடி இல்லை எண்டு சொல்லுறது?"

அறை முழுக்கச் சிரிப்பு. யோகம் மட்டும் புருஷனின் காலையே பார்த்தபடி இருந்தார். இரண்டாம் தரம் உண்மையாகச் சொல்லச் சொன்னபோது, இடது பாதத்தில் டொக்டர் அழுத்திய ஒரு இடத்திலும் சிவபாதத்தின் வாய் திறக்கவில்லை.

"தேத்தண்ணிக்குச் சீனி போடுறனீங்களோ?" என்று டொக்டர் கேட்டார். அந்தக் காலத்தில் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி.

"போட்டனான் டொக்டர். மூண்டு கரண்டி. அம்மாளாணை இனித் தொடன்."

சிவபாதம் சத்தியம் பண்ணினால் பண்ணினதுதான். ஆள் அப்படி. அன்றைக்கே வீட்டில் சீனிப் போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்ததாக யோகம் பிறகு சொன்னார்.

ஒரு வருஷம் போல வந்து போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் சீனி கூடத்தான் இருந்தது. டொக்டர் மருந்துக் குளிசையைக் கூட்டினார், பிறகு மாற்றினார். சிவபாதம் ஒரு குளிசையும் தவறவிடவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாரி முடிகிற நேரம், அந்த இடது காலோடு வந்தார்.

தேங்காய் உரிக்கிறவர் நாள் முழுக்க நிற்கவேண்டும். நிலத்தில் நட்ட கூர் இரும்பில் தேங்காயைக் குத்தித் திருப்ப, உடம்புப் பாரம் முழுக்க இடது காலில்தான் இறங்கும். செருப்பு வழுக்குமென்று அதைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். உடைந்த சிரட்டைத் துண்டு ஒன்று இரண்டாம் விரலுக்கு அடியில் ஏறியிருக்கிறது. சந்தைக்கு வந்த ஒரு பெண், "ஐயா, உங்கடை காலடியிலை ரத்தம்" என்று சொன்ன பிறகுதான் பார்த்திருக்கிறார். அன்று பிடுங்கி எறிந்துவிட்டு மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இன்னும் ஒரு கிழமை உரித்திருக்கிறார். நோகவில்லையே, ஏன் வேலையை நிறுத்துவார்?

நான் அவிழ்த்தபோது மணம் முதலில் வந்தது. அடிப்பாதத்தில் ஒரு விரல் போகிற பள்ளம். சுற்றிவர வெள்ளையாய் ஊறிய தோல். சேலைன் ஊற்றிக் கழுவி, செத்த சதையை இடுக்கியால் பிடித்துப் பிடித்து எடுத்தேன். வேறு ஆள் என்றால் கத்திக் கூரையைப் பிய்த்திருப்பார். சிவபாதம் மாங்காய்க் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த முறை மாமரம் பூத்தது போதாதாம். செத்த சதை முடிந்து நல்ல சதை வந்தால் ரத்தம் கசியவேண்டும். சும்மா ஈரம் மட்டும்தான் வந்தது. நான் டொக்டரைப் பார்த்தேன். டொக்டர் நாடி தேடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு விடாமல் வாட்டில் மறித்தார்கள். அங்கே ஒரு புதினம் நடந்தது. வீட்டில் குடித்த அதே குளிசைதான், ஆனால் ஐந்தாம் நாள் சீனி இறங்கிவிட்டது. புண் கொஞ்சம் சிவந்தது. போகலாம் என்று துண்டு எழுதி வீட்டுக்கு விட்டார்கள், கிழமைக்கு இரண்டு தரம் என்னிடம் வந்து மருந்து கட்டவேண்டும். இரண்டு கிழமையில் சீனி பழையபடி ஏறிவிட்டது. புண் பழையபடி வெளிறிவிட்டது. டொக்டருக்குப் பிடிபடவில்லை.

"சிவபாதம், வாட்டிலை இறங்குது, வீட்டை போனால் ஏறுது. உண்மையைச் சொல்லுங்கோ. சீனி தொடுறியளோ?"

"அம்மாளாணை இல்லை டொக்டர்."

"யோகம், நீங்கள் சொல்லுங்கோ."

"வீட்டிலை சீனியே இல்லை டொக்டர். ஆரும் வந்தால் பக்கத்து வீட்டிலைதான் கேட்டு வாங்கிப் போடுறன்."

டொக்டர் அவர்களை நம்பினார். அதுதான் அந்த மனிசியின் குணம். நோயாளி பொய் சொல்கிறான் என்று எழுதிவிட்டுப் போவது எவ்வளவு லேசு! அவர் குளிசையை மாற்றிப் பார்த்தார், பழைய மருந்துத் துண்டுகளை எல்லாம் விரித்து வைத்துப் பார்த்தார். ஒரு திங்கட்கிழமை நான் கட்டை அவிழ்த்தபோது இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் நுனியில் கறுத்திருந்தன.

டொக்டர் குட்டி வாங்கில் இருந்தபடியே சொன்னார்: "வியாழக்கிழமை சத்திரசிகிச்சை டொக்டரிட்டை காட்டவேணும். இப்பிடியே ஏறினால் முழங்காலுக்குக் கீழை எடுக்கவேண்டி வரலாம். மறைக்கேல்லை, சொல்லிப்போட்டன்."

சிவபாதம் கேட்டார்: "ஒத்தைக் காலிலை நிண்டு தேங்காய் உரிக்கேலுமோ டொக்டர்?"



வியாழக்கிழமை காலை வெள்ளென வந்துவிட்டார். டொக்டர் இன்னும் வரவில்லை. மருந்து கட்டும் அறையில் வாங்கில் இருத்தினேன். கட்டை அவிழ்க்கக் குனிந்தால், வாங்கின் காலால் எறும்பு நிரையாக ஏறுகிறது. புண்ணுக்குத்தான் ஏறுகிறது என்று பயந்து கட்டைப் பார்த்தேன். கட்டில் ஒரு எறும்பும் இல்லை. நிரை அவருடைய சாறம் கடந்து, சேட்டுக் கரையால் ஏறி, நெஞ்சுப் பொக்கற்றுக்குள் போகிறது.

"சிவபாதம், பொக்கற்றுக்குள்ளை என்ன?"

"ஒண்டுமில்லை அண்ணை." கையை விட்டு எடுத்தார். ஓலைக் குட்டானில் அரைவாசி. எங்கள் ஊர்ப் பனங்கட்டி, சின்ன ஓலைப் பெட்டியில் ஊற்றி வருமே, அது.

"இதைக் கடிச்சோ தேத்தண்ணி குடிக்கிறனீர்?"

"ஓம். சீனியை விட்ட நாளிலையிருந்து. சந்தையிலை நிக்கேக்கை ஒரு நாளைக்குப் பத்துத் தேத்தண்ணியெண்டாலும் வரும். வெறுமனை எப்பிடிக் குடிக்கிறது? வாட்டிலைதான் இது கிடைக்கேல்லை." என் முகம் மாறினதைக் கண்டுவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார்: "நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள்."

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அவர் முதன்முதல் வந்த அந்த நாள், மருந்துத் துண்டு வாங்கிக்கொண்டு வெளியே போகும்போது, கதவடியில் நின்று என்னிடம் கேட்டார். டொக்டரிடம் கேட்க வெட்கப்படுவதை எல்லாம் எங்கள் சனம் என்னைப் போன்ற அற்றென்டனிடம்தான் கேட்கும். "அண்ணை, சீனி கூடாதெண்டால் பனங்கட்டி கடிக்கலாமோ?" என்றார். நான் கையில் வாளியோடு நின்றேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அது பரவாயில்லை. எங்கடை பனையிலை வாறதுதானே" என்றேன்.

நான் அதைப் பகிடிக்குச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன். என் வீட்டிலும் அப்படித்தான். வருத்தத்தின் பெயரே சீனி வருத்தம். சீனி என்றால் கடையில் வாங்குகிற வெள்ளைச் சீனி. அதை விட்டால் வருத்தத்துக்குத் தீன் இல்லை. பனங்கட்டியின் பெயரில் சீனி இல்லையே!

டொக்டர் வந்தவுடன் அவருடைய அறைக்குள் போனேன். அந்தக் குட்டானை மேசையில் வைத்தேன்.

"டொக்டர், சிவபாதம் இதைத்தான் கடிக்கிறார். அவரிலை பிழை இல்லை. கடிக்கலாம் எண்டு சொன்னது நான்."

டொக்டர் குட்டானைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஏசப் போகிறார் என்று நின்றேன். வேலையால் நிற்பாட்டச் சொல்லி எழுதினாலும் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஒரு நாளைக்கு எத்தினை தேத்தண்ணி?"

"பத்து எண்டார்."

கண்ணை மூடிக்கொண்டார், நாடி தேடுகிற மாதிரி. பிறகு, "சீனி தொடுறியளோ எண்டு நான் கேட்டன். இல்லை எண்டு அவர் சொன்னார். அவரும் பொய் சொல்லேல்லை, யோகமும் பொய் சொல்லேல்லை. ஒரு வருசமா நான் பிழையான கேள்வியைக் கேட்டிருக்கிறன், தருமண்ணை."

"நீங்கள் என்ன செய்வியள் டொக்டர், நான் எல்லோ..."

"இருங்கோ. நீங்கள் அடுப்பு எரிச்சிருக்கிறியளோ?"

எனக்குத் திகைப்பாய் இருந்தது. "சின்னனிலை எரிக்காத நாளில்லை."

"அடுப்புக் கொள்ளாத விறகைத் திணிச்சால் நெருப்புக் கூடுமோ?"

"எங்கை கூடிறது? புகைக்கும். அறை முழுக்கக் கரி பிடிக்கும்."

"அதுதான் சிவபாதத்தின்ரை காலுக்குள்ளை நடக்குது" என்று சொல்லி, ஒரு மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் குழாய் ஒன்று கீறிக் காட்டினார். அந்தத் துண்டு இப்போது என்னிடம் இல்லை, ஆனால் அவர் சொன்னது அப்படியே இருக்கிறது.

"ரத்தக் குழாய்க்கு உள்பக்கம் ஒரு தோல் இருக்கு, ஒரே ஒரு அடுக்கு. தசைக்குள்ளை சீனி போறதெண்டால் இன்சுலின் வந்து கதவைத் திறக்கவேணும். இந்த உள்தோலுக்கு அப்பிடிப் பூட்டுக் கிடையாது. ரத்தத்திலை எவ்வளவு நிக்குதோ அவ்வளவும் உள்ளை இறங்கும். உள்ளை கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அடுப்புகள் இருக்கு. அளவாப் போனால் எரிஞ்சு பெலனாகும். திணிச்சால், நாங்கள் மூச்சிலை எடுக்கிற ஒட்சிசன் அரைகுறையா மாறிப் புகை மாதிரி வெளிக்கிடும். அது படுகிற இடமெல்லாம் பழுது."

"அதைத் துடைக்க உள்ளை ஒண்டும் இல்லையோ டொக்டர்?"

"நல்ல கேள்வி. இருக்கு. ஆனால் மிஞ்சின சீனி துடைக்கிறவையையும் தன்ரை வேலைக்கு இழுத்துப்போடும். இன்னொண்டு. குழாய் தான் விரியிறதுக்கு ஒரு வாயுவை விடும். இந்தப் புகை அதைத் தின்னும். பேந்து குழாய் விரியாது, இறுகிப்போய் நிக்கும். காலின்ரை நுனியிலை குழாய் தங்கூசியிலும் மெல்லிசு. முதலிலை அங்கைதான் தெரியும். நரம்புக்கும் சாப்பாடு அதாலைதானே போகுது. இது முழுக் கதையில்லை, பெரிய பங்கு."

"இதுக்கு என்ன பேர் டொக்டர்?"

"ஒட்சியேற்றத் தகைப்பு எண்டு புத்தகத்திலை இருக்கும். நீங்கள் புகை எண்டே சொல்லுங்கோ, காணும்." குட்டானை என் பக்கம் தள்ளினார். "பனங்கட்டியும் வயித்துக்குள்ளை போனால் அதே சீனிதான். வந்த விறகு வெள்ளையோ கறுப்போ எண்டு அந்த அடுப்புக்குத் தெரியாது, அண்ணை."

நான் கற்றுக்கொண்ட விஞ்ஞானம் முழுக்க அந்தப் பத்து நிமிஷம்தான். ஆனால் பிறகு ஒரு புண்ணைக் கழுவும்போதும் நான் அதை வெறும் புண்ணாகப் பார்த்ததில்லை. இந்தச் சதைக்குப் பின்னால் ஒரு குழாய் புகையில் மூச்சு முட்டுகிறது என்று நினைத்துக்கொண்டுதான் கழுவுவேன்.

அன்று சத்திரசிகிச்சை டொக்டரிடம் மங்களேஸ்வரி டொக்டரும் கூடவே போனார். சிவபாதத்தின் காரியம் கூடவே போய்க் கதைக்கவேண்டிய காரியம் என்று நினைத்திருக்கவேண்டும். "எனக்கு ரெண்டு கிழமை தாங்கோ. இவ்வளவு நாளும் நாங்கள் இவருக்குச் சரியான வைத்தியமே செய்யேல்லை" என்று சொன்னாராம். என்னுடைய பெயரை அங்கே எடுக்கவில்லை. 'நாங்கள்' என்றுதான் சொன்னாராம். கூடப் போன யோகம் சொல்லித்தான் அது எனக்குத் தெரியும்.

வாட்டில் மறித்து, இன்சுலின் போட்டு, கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள். நான் ஒரு நாளைக்கு இரண்டு தரம் கட்டினேன். லீவு நாளிலும் போய்க் கட்டினேன். சீனி இறங்கிவிட்டது, புண் அசையவில்லை. நான் அந்தரப்பட்டுக் கேட்டபோது டொக்டர், "அடுப்பை அணைச்ச உடனை கரி போகுமோ? குழாய் பழசை லேசிலை மறக்காது" என்றார். பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, இடுக்கியால் ஒரு சின்னச் சதையை எடுக்கும்போது, பள்ளத்தின் கரையில் ஊசி முனையளவு சிவப்பாய் ஒன்று பொட்டென்று வந்தது. இரத்தம்! ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் எவ்வளவு இரத்தம் கண்டிருப்பேன். அன்றைக்குத்தான் இரத்தத்தைக் கண்டு எனக்குக் கண் கலங்கியது.

"என்னண்ணை, நொந்துபோச்சோ உங்களுக்கு?" என்று சிவபாதம் பகிடி விட்டார்.

முழங்கால் தப்பியது. பாதம் தப்பியது. கறுத்த இரண்டு விரலையும் எடுத்தார்கள். அது வேறு வழியில்லை.

விரல் எடுத்து நாலாம் நாள், கட்டும்போது நான் அவரிடம் சொன்னேன். டொக்டரிடம் சொல்லிவிட்டேன், ஆனால் அவரிடம் நேரே சொல்லவில்லை. அது என்னை அரித்துக்கொண்டிருந்தது.

"சிவபாதம், உம்மடை ரெண்டு விரலும் என்ரை வாயாலை போனது. எனக்குத் தெரியாத விசயத்தைத் தெரிஞ்ச மாதிரிச் சொல்லிப்போட்டன்."

அவர் கட்டுப் போட்ட காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணை, நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லியிருந்தால், ஓம் எண்டு சொல்லுற வேறை ஆரையும் தேடிப் போய்க் கேட்டிருப்பன். எனக்குக் கடிக்க ஆசை." சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது கிடக்கட்டும். உப்பிடி எத்தினை பேருக்குச் சொன்னனீங்கள்?"

அவர் என்னை ஏசியிருந்தால் வீட்டுக்குப் போய் நித்திரை கொண்டிருப்பேன். அந்தக் கேள்வி விடவில்லை. எத்தனை பேருக்குச் சொன்னேன்? கதவடியில் கேட்ட எல்லாருக்கும் சொன்னேன். பஸ்ஸுக்குள் கேட்டவர்களுக்குச் சொன்னேன். மானிப்பாய்ப் பக்கம் ஒரு கலியாண வீட்டில் பந்தியில் இருந்த ஆறேழு பேருக்கு, ஆஸ்பத்திரிக்காரன் என்ற எடுப்பில், சத்தமாகவே சொல்லியிருக்கிறேன்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் கேள்வியை மாற்றினார். "தேத்தண்ணியை என்னத்தோடை குடிக்கிறனீங்கள்?" முதலில் வந்தவர் அளவெட்டியில் இருந்து வந்த ஒரு அம்மா. நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "நான் சீனி கண்ணிலையும் காட்டிறதில்லை டொக்டர். பனங்கட்டிதான்." அடுத்தவர், "கல்லாக்காரம், ஒரு சின்னத் துண்டு" என்றார். அதுவும் பனங்கற்கண்டுதான். அதற்கடுத்தவர் தேன். டொக்டர் ஒருவரையும் ஏசவில்லை. ஒவ்வொருவருக்கும் அடுப்பையும் புகையையும் சொன்னார். மடியில் கால் இருந்தபடியே, முதல் ஆளுக்குச் சொன்ன மாதிரியே கடைசி ஆளுக்கும் பொறுமையாகச் சொன்னார். நான் கதவடியில் நின்று, வெளியே போகிற ஆட்களை மறித்து, "நான் முந்திச் சொன்னது பிழை" என்று சொன்னேன். ஓய்வு பெறும் நாள் வரை சொன்னேன். சிலர் சிரித்தார்கள். சிலர் நான் சொன்னதையே மறந்துபோயிருந்தார்கள். சிலர் பிறகு வரவேயில்லை.

சிவபாதம் இப்போதும் கொடிகாமத்தில் உரிக்கிறார், முந்தி உரித்த அளவுக்கு இல்லை. சப்பாத்துப் போட்டுக்கொண்டு, வலது காலில் பாரம் கொடுக்கப் பழகிவிட்டார்.

எனக்கு இப்போது தூரம் போக ஏலாது. அந்தக் கலியாண வீட்டுப் பந்தியில் இருந்தவர்களின் பெயரும் தெரியாது, பஸ்ஸில் கேட்டவர்களின் ஊரும் தெரியாது. அவர்கள் நான் சொன்னதைத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள், அங்கிருந்து அது எங்கெல்லாம் போயிற்றோ தெரியாது. அதனால் இதை வாசிக்கிற உங்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ அயலிலோ யாராவது தேத்தண்ணியோடு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு, "ஆஸ்பத்திரியிலை மருந்து கட்டுற அண்ணை ஒராள் பரவாயில்லை எண்டு சொன்னவர்" என்று சொன்னால், அந்த அண்ணை நான்தான். அது பிழையென்று அந்த அண்ணையே சொல்லிவிட்டார் என்று அவருக்குச் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு, அவருடைய காலையும் ஒரு தரம் பாருங்கள்.